நீலகிரிப் பயணங்களில் வளர்ப்பு விலங்குகளின் பாதுகாப்பு

நீலகிரி மலைக்கு மக்களோடு வந்துசெல்லும் நாய், பூனை முதலிய வளர்ப்பு விலங்குகள் வழியிலும், தங்குமிடத்திலும், வண்டிக்குள்ளும் தனித்து விடப்படும்போது எவ்வாறு காக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது. மாட்டுவண்டி, ரயில், மோட்டார் கார், கேரவன் என ஊர்தி மாறிய ஒவ்வொரு முறையும் விலங்கை ஏற்றிச்செல்லும் முறையும் மாறியது. அதோடு இன்னொன்றும் மாறியது. முற்காலத்தில் விலங்கின் அருகில் ஓர் ஆள் இருந்தார். ஊர்தி வேகமும் வசதியும் பெறப் பெற அந்த ஆள் விலகிப்போனார். அவருடைய இடத்தைப் பூட்டும், கண்ணாடியும், குளிர்சாதனமும் பிடித்துக்கொண்டன. இன்று வண்டிக்குள் விடப்படும் விலங்குகளுக்கு நேரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த மாற்றத்தால் உண்டானவை.

மலையின் தட்பவெப்பம்

நீலகிரிக்கு வரும் பயணிகளில் பலர் சமவெளி வழியாக மேட்டுப்பாளையம் வந்து மலையேறுகின்றனர். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஏப்ரல், மே மாதங்களில் மேட்டுப்பாளையத்தில் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாளில் உதகையில் 22 அல்லது 23 டிகிரியே இருக்கும். இரண்டு, மூன்று மணி நேரப் பயணத்தில் இவ்வளவு வேறுபாட்டை ஓர் உடல் சந்திக்க வேண்டியுள்ளது.

குளிர்காலத்தில் நிலைமை வேறு. டிசம்பர், சனவரி மாதங்களில் உதகையின் தாழ்வான புல்வெளிகளில் இரவு வெப்பநிலை உறைநிலையைத் தொடும். விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படியும். அதே நாளில் நண்பகல் வெயில் சுள்ளென்று இருக்கும். உயரம் கூடக் கூடச் சூரிய ஒளி கடந்துவரும் காற்றின் அடர்த்தி குறைவதால், காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் உறைக்கும். மலையூரின் இந்த இயல்பே பயணிகளை ஏமாற்றுகிறது.

தொழுவமும் காவலும்

நீலகிரியில் விலங்குகளை இரவில் பாதுகாக்கும் பழைய ஏற்பாட்டைத் தோடர்களின் மந்துகளில் காணலாம். எருமை மேய்ப்பவர்களான தோடர்கள், குடியிருப்புக்கு அருகில் கல்சுவரால் வட்டமாக அமைத்த தொழுவத்தில் மாலையில் எருமைகளை அடைப்பர். புலி, சிறுத்தை நடமாடும் மலையில் இந்தக் கல்சுவர் ஒரு தேவை. ஆனால் சுவர் மட்டுமே காவல் அன்று. தொழுவம் வீட்டுக்கு எட்டும் தொலைவில் இருந்தது. எருமைகள் மிரண்டால் ஓசை கேட்டு ஆட்கள் வெளியே வர முடிந்தது. வறண்ட காலத்தில் புல் தேடிக் குந்தா பகுதி மேய்ச்சல் நிலங்களுக்கு எருமைகளை ஓட்டிச்சென்றபோதும் மனிதர்கள் கூடவே சென்றனர். அங்கும் தங்குமிடமும் தொழுவமும் அருகருகே இருந்தன.

மாட்டுவண்டிக் காலம்

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு கோத்தகிரி வழியாக நீலகிரிக்கு வந்தார். 1820களின் தொடக்கத்தில் உதகையில் கல் பங்களா என அழைக்கப்பட்ட வீட்டைக் கட்டினார். அடுத்த பத்தாண்டுகளில் ஆங்கிலேய அதிகாரிகளும் நோயிலிருந்து தேறும் படைவீரர்களும் கோடையில் மலைக்கு வருவது வழக்கமாயிற்று. 1870ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாண அரசே ஆண்டின் சில மாதங்கள் உதகையிலிருந்து இயங்கியது. அதனால் குடும்பம், பணியாட்கள், கோப்புகள், தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகியவற்றோடு குதிரைகளும் நாய்களும் ஆண்டுதோறும் மலையேறி இறங்கின.

ரயில் வருவதற்கு முன் இப்பயணம் மட்டக்குதிரையிலும், பல்லக்கிலும், டோங்கா எனும் குதிரைவண்டியிலும் நடந்தது. சாமான்கள் மாட்டுவண்டியில் மெதுவாக வந்தன. நாய்கள் வண்டியோடு நடந்தன. களைத்தால் வண்டியில் ஏற்றிக்கொள்ளப்பட்டன. அவற்றைக் கவனிக்கத் தனி ஆள் இருந்தார். ஆங்கிலேயர் வீடுகளில் சமையற்காரர், குதிரைக்காரர் போல நாயைப் பார்த்துக்கொள்ளும் பையன் ஒருவரும் சம்பளப் பட்டியலில் இடம்பெற்றார். எட்வர்டு ஹாமில்டன் எய்ட்கன் 1889இல் வெளியிட்ட 'பிஹைண்ட் தி பங்களோ' என்ற நூல், ஆங்கிலேயர் வீட்டுப் பணியாட்களை ஒவ்வொருவராக விவரிக்கிறது; நாய்ப்பையனுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. சோறு வைப்பது, குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது, உலாவக் கூட்டிச்செல்வது ஆகியவை இப்பணியாளின் வேலைகள்.

உதகையில் 19ஆம் நூற்றாண்டில் உருவான வேட்டைக் குழு, இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைத் தருவித்து, நரிகளைத் துரத்தும் வேட்டையை நடத்தியது. இன்று வென்லாக் டவுன்ஸ் எனப்படும் புல்வெளிகள் அதன் களமாயின. அந்த நாய்க் கூட்டத்தையும் உள்ளூர்ப் பணியாட்களே பராமரித்தனர். இவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எழுத்தில் இடம்பெறவில்லை. ஆயினும் நாய் தனியே விடப்படாத ஒரு பயணமுறை இவர்களின் குறைந்த கூலி உழைப்பால்தான் இயன்றது. பணியாட்களை வைத்துக்கொள்ளும் வழக்கம் மறைந்தபோது அந்தக் கவனிப்பும் சேர்ந்து மறைந்தது.

ரயிலும் நாய்ப்பெட்டியும்

1873இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் பாதை வந்தது. பல்சக்கர முறையில் அமைந்த மலை ரயில் 1899இல் குன்னூரையும், 1908இல் உதகையையும் எட்டியது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை 2005இல் யுனெசுகோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ரயில் பயணம் வளர்ப்பு நாயை முதன்முறையாக அதன் வீட்டாரிடமிருந்து பிரித்தது. இந்திய ரயில்வேயில் கார்டு பெட்டியில் நாய்க்கெனச் சிறு அடைப்பு ஒன்று ஒதுக்கப்பட்டது. பார்சல் அலுவலகத்தில் கட்டணம் கட்டி, நாயை அதில் ஏற்ற வேண்டும். உணவும் நீரும் தருவது உரிமையாளரின் பொறுப்பு. வண்டி நிற்கும் நிலையங்களில் இறங்கி, பின்னாலிருக்கும் கார்டு பெட்டிக்கு ஓடி, தண்ணீர் வைத்துவிட்டு விசில் ஊதுவதற்குள் திரும்புவது நாயோடு பயணம் செய்தவர்களுக்கு வழக்கமாயிற்று. முதல் வகுப்பில் ஒரு சிற்றறையை முழுவதும் தமக்கெனப் பதிவுசெய்வோர் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம் என்ற விதி இன்றும் உள்ளது. சாதாரண வகுப்புப் பயணியின் நாய்க்குக் கார்டு பெட்டியே கதி.

நாய்ப்பெட்டி இடுக்கமானது, கோடையில் சமவெளியைக் கடக்கும்போது சூடேறக்கூடியது. ஆயினும் அதில் ஒரு காப்பு இருந்தது. பெட்டிக்குள் விலங்கு இருப்பது பயணச்சீட்டில் எழுதப்பட்டிருந்தது, கார்டுக்கும் தெரிந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு விலங்கு அங்கே அடைபட்டுக் கிடக்க வழியில்லை.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம்

பயணத்தில் விலங்கின் பாதுகாப்பைப் போலவே விலங்கிடமிருந்து மனிதருக்குள்ள பாதுகாப்பும் நீலகிரியின் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. வெறிநாய்க்கடிக்கான பாஸ்டர் சிகிச்சை இந்தியாவில் 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் தொடங்கியது. தென்னிந்தியாவில் கடிபட்டவர் அதைப் பெற இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் செல்ல வேண்டியிருந்தது. 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி வெறிநோயால் இறந்தது, தெற்கிலும் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுச்சேர்த்தது. அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி பிப்ஸ் இந்திய அரசுக்கு அளித்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907ஆம் ஆண்டு குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1977இல் அது தன்னாட்சி பெற்ற இந்தியப் பாஸ்டர் நிறுவனமாக மாறியது.

தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட பழைய ஊசிகள் இன்று இல்லை. திசு வளர்ப்பு முறையில் உருவாகும் தடுப்பூசிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. நாய்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுவதும் பரவலாயிற்று. வண்டியில் அடைபட்டு மிரண்ட நாய், கதவைத் திறப்பவரைக் கடிக்கக்கூடும். அப்போது அந்த நாயின் தடுப்பூசிச் சான்று, கடிபட்டவருக்கு என்ன சிகிச்சை தருவது என்று மருத்துவர் முடிவுசெய்ய உதவும். எனினும் சான்று இருக்கிறது என்பதற்காக மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

சட்டத்தின் வளர்ச்சி

விலங்குவதைத் தடுப்புக்கான சங்கம் லண்டனில் 1824இலும், கல்கத்தாவில் 1861இலும், சென்னையில் 1877இலும் தோன்றின. இந்திய அளவிலான முதல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1890இல் இயற்றப்பட்டது. அந்நாளில் சங்கங்களின் கவனம் பெரும்பாலும் வண்டி இழுக்கும் மாடுகளின்மீதும் குதிரைகளின்மீதும் இருந்தது. வண்டியை இழுத்த விலங்கே தெருவில் அனைவர் கண்ணிலும் பட்டது.

நாட்டின் விடுதலைக்குப் பின் மாநிலங்களவை உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவாக 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய விலங்கு நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவி.

இச்சட்டத்தின் 11ஆம் பிரிவு வண்டியில் விடப்படும் விலங்குக்கும் பொருந்துகிறது. தேவையற்ற வலியோ துன்பமோ உண்டாகும்படி விலங்கை வண்டியில் கொண்டுசெல்வது, அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது, மிகக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது, போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராமலிருப்பது, தக்க காரணமின்றிக் கைவிடுவது ஆகியவை அதில் குற்றங்களாகச் சொல்லப்படுகின்றன. முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம் என அச்சட்டம் வரையறுத்தது. பல பத்தாண்டுகள் கடந்தும் இத்தொகை உயர்த்தப்படவில்லை. தண்டனையை உயர்த்தும் திருத்த வரைவு ஒன்றை 2022இல் ஒன்றிய அரசு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது.

1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளில் நாய், பூனைகளுக்கெனத் தனிப் பகுதி உண்டு. விலங்கு பயணம் செய்யத் தகுதியான உடல்நிலையில் உள்ளது, வெறிநோய் உள்ளிட்ட தொற்றுநோயின் அறிகுறி இல்லை என்று கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என அவ்விதிகள் கூறுகின்றன. ஆயினும் நிறுத்திவைத்த வண்டிக்குள் விலங்கைத் தனியே விடுவதைப் பெயர்சொல்லிக் குறிப்பிடும் பிரிவு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. அது எழுதப்பட்ட காலத்தில் சொந்தக் கார் வைத்திருந்தோர் மிகச் சிலரே.

காரும் கேரவனும்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சொந்தக் கார் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. வீட்டு நாய் காரின் பின்னிருக்கைக்கு வந்தது. ரயிலின் நாய்ப்பெட்டியைவிட இது விலங்குக்கு இதமான பயணம். வீட்டாரின் மடியிலேயே தலைவைத்துப் படுக்கலாம். ஆனால் ஊர் வந்து சேர்ந்ததும் சிக்கல் தொடங்குகிறது. பூங்கா, அருங்காட்சியகம், உணவகம், படகுத்துறை எனப் பல இடங்களில் நாய்க்கு அனுமதி இருப்பதில்லை. பாதி நாள் பயணத்துக்குப் பின் அதைத் திருப்பி அனுப்பவும் முடியாது. "ஐந்து நிமிடம்தான்" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்வது இங்கிருந்து தொடங்கியது.

கேரவன் என்ற சொல்லைத் தமிழ்நாட்டு மக்கள் முதலில் அறிந்தது படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியாக. படுக்கை, சமையலிடம், கழிப்பறை கொண்ட சுற்றுலா வண்டி என்ற பொருளில் அது பின்னரே வழக்குக்கு வந்தது. நீலகிரியை ஒட்டிய கேரள மாநிலம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை ஒன்றை அறிவித்தது. வேனைத் தாமே மாற்றியமைத்துக்கொண்டு நாயோடு நாடு சுற்றுவோரும் இன்று உள்ளனர். வண்டியே வீடு என்பதால் அதில் விலங்கை விட்டுச்செல்வது வீட்டில் விட்டுச்செல்வது போலத் தோன்றுகிறது. ஆனால் வீட்டுக்கு நிழல் தரும் கூரையும், காற்றோட்டமும், அக்கம்பக்கத்தாரும் உண்டு. சாலையோரம் நிற்கும் வண்டிக்கு இவை இல்லை.

22 டிகிரியில் ஒரு வண்டி

மூடிய வண்டி சூடாவதைப் பற்றிய நன்கறியப்பட்ட ஆய்வு ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்தது. கேத்தரின் மெக்லாரன், ஜான் நல், ஜேம்ஸ் க்வின் ஆகியோர் வெயில் நாட்களில் நிறுத்திவைத்த காரின் உள்வெப்பத்தை அளந்து 2005இல் வெளியிட்டனர். வெளிவெப்பம் 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாட்களில் அவர்கள் அளவெடுத்தனர். ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி கூடியது. அந்த உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிட்டது. வெளியே வெறும் 22 டிகிரி இருந்த நாளிலும் காருக்குள் 47 டிகிரி பதிவானது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவைத்தது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை.

அந்த ஆய்வின் மிகக் குளிர்ந்த நாளும் உதகையின் மே மாத நண்பகலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலை கொண்டவை. வண்டியைச் சூடாக்குவது வெளிக்காற்றைவிட வெயில்தான். சூரிய ஒளி கண்ணாடி வழியே நுழைந்து இருக்கையையும் முன்பலகையையும் சூடேற்றுகிறது. அவை உள்காற்றைச் சூடாக்குகின்றன. அந்தக் காற்று வெளியேற வழியில்லை. நிழலில் நிறுத்திய வண்டியும் சூரியன் நகர நகர வெயிலுக்கு வந்துவிடும்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. அதன் உடலில் மனிதரைப் போல எங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதன் மூலமே பெரிதும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூடிய வண்டிக்குள் அந்த மூச்சின் ஈரமே காற்றில் நிறைந்துவிட, இளைப்பதும் பயனற்றுப் போகிறது. உடல்வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுவழி குறுகியது என்பதால் ஆபத்து இன்னும் விரைவில் வரும். வயதான நாய், பருத்த நாய், அடர்ந்த முடியுள்ள நாய் ஆகியவற்றுக்கும் அப்படியே.

கேரவன் பெரியது, சுவர்கள் வெப்பத்தடுப்பு உடையவை, ஆகவே காரைப் போல அவ்வளவு விரைவாகச் சூடேறாமல் இருக்கலாம். ஆனால் அதன் குளிர்சாதனம் மின்னிணைப்பையோ ஜெனரேட்டரையோ நம்பியிருக்கிறது. மின்சாரம் நின்றால், மூடிய சன்னல்களுடன் அதுவும் ஒரு பெட்டிதான். இரவுக் குளிருக்காக உள்ளே கரியோ எரிவாயுவோ மூட்டினால் வேறோர் ஆபத்து வருகிறது. மலையூர்களில் மூடிய அறையில் கரி மூட்டி உறங்கியவர்கள் நச்சுப்புகையால் இறந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை; அடைபட்ட விலங்குக்குக் கதவைத் திறக்கவும் தெரியாது.

நீலகிரிக்கே உரிய ஆபத்துகள்

சமவெளியில் சொல்லப்படும் சில யோசனைகள் நீலகிரியில் பொருந்துவதில்லை. சன்னலை அகலத் திறந்துவைப்பது அவற்றில் ஒன்று. குன்னூர் மலைப்பாதையில் வண்டிகள் நிற்கும் இடங்களில் குரங்குகள் கூட்டமாகக் காத்திருக்கின்றன. உணவு மணம் வரும் வண்டிக்குள் கைவிட்டு எடுப்பதும், உள்ளே புகுவதும் அவற்றுக்குப் பழக்கம். உள்ளே நாய் இருந்தால் இரண்டுக்கும் காயம் ஏற்படும். மூடினால் வெப்பம், திறந்தால் குரங்கு என்ற நெருக்கடிக்கு ஒரே விடை, யாரேனும் ஒருவர் வண்டியில் இருப்பதுதான்.

நாயை வெளியே கட்டிப்போடுவது அடுத்தது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களும் காடும் வீடுகளும் அடுத்தடுத்து உள்ளன. தேயிலைச் செடிகளின் மறைவில் பதுங்கும் சிறுத்தைக்கு நாய் எளிய இரை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பங்களாக்களிலும் இரவில் வெளியே விடப்பட்ட நாய்கள் காணாமற்போவது இம்மாவட்டத்தில் புதிய செய்தி அன்று. சங்கிலியில் கட்டிய நாய்க்குத் தப்பி ஓடும் வாய்ப்பும் இல்லை. உள்ளூர் மக்கள் மாலையிலேயே நாயை வீட்டுக்குள் சேர்த்துக் கதவடைப்பது இதனால்தான்.

கரடி வேறு வகை. சமையல் எண்ணெய், வெல்லம், பழம் ஆகியவற்றின் மணத்தை நாடிக் கடைகளின், வீடுகளின் கதவை உடைத்துப் புகுந்த நிகழ்வுகள் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் உண்டு. சமையலறையோடு கூடிய கேரவனில் உணவும் நாயும் ஒன்றாக விடப்படுவது இங்கே கூடுதல் ஆபத்து. தோட்டங்களில் மேயும் காட்டெருமைகள் பொதுவாக அமைதியானவை. ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் குரைத்து விரட்டினால் அவை திருப்பித் தாக்கக்கூடும்.

முதுமலை வழியாகச் செல்வோருக்கு வேறு கட்டுப்பாடும் உண்டு. 1940இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இக்காட்டில் சாலையோரம் வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது. அதை ஒட்டிய கர்நாடகத்தின் பந்திப்பூர்ப் பகுதியில் 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. சோதனைச் சாவடியில் இரவைக் கழிக்க நேரும் வண்டியில் விலங்குக்கு நீரும் போர்வையும் தேவைப்படும். நாய்களிடமிருந்து செந்நாய் போன்ற காட்டு விலங்குகளுக்குத் தொற்றுநோய் பரவக்கூடும் என்பதால் தடுப்பூசி போடுவது காட்டின் நலனுக்கும் உரியது.

பிற நாடுகளின் அனுபவம்

கலிபோர்னியாவில் 2007ஆம் ஆண்டு முதல், உயிருக்கு ஆபத்தான நிலையில் விலங்கை ஆளில்லா வண்டியில் விடுவது தனிக் குற்றம். 2017 முதல், காவல்துறைக்குத் தகவல் தருவது உள்ளிட்ட சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பொதுமக்களே கண்ணாடியை உடைத்து விலங்கை மீட்கவும் அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் மீது கவனிக்கும் கடமையைச் சுமத்துகிறது. டெஸ்லா நிறுவனம் 2019இல் தன் கார்களில், ஆளில்லாதபோதும் குளிர்சாதனத்தை இயக்கி, உள்வெப்பத்தைத் திரையில் வழிப்போக்கருக்குக் காட்டும் வசதியைச் சேர்த்தது.

மூன்று ஏற்பாடுகளும் வெவ்வேறு வழியில் ஒரே இடத்தை நிரப்ப முயல்கின்றன. விலங்கின் அருகில் முன்பு இருந்த ஆளின் வேலையை ஓரிடத்தில் வழிப்போக்கருக்கும், ஓரிடத்தில் வளர்ப்பவரின் சட்டக் கடமைக்கும், இன்னோரிடத்தில் கருவிக்கும் பகிர்ந்தளிக்கின்றன.

இன்றைய நடைமுறைகள்

நீலகிரியில் விலங்கு நலப் பணி நெடிய வரலாறு உடையது. டோரதி டீன் 1954இல் கோத்தகிரியில் நீலகிரி விலங்கு நலச் சங்கத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் மசினகுடி அருகே மாவனல்லாவில் காயமுற்ற, கைவிடப்பட்ட விலங்குகளுக்கான புகலிடமும், உதகை அருகே கால்நடை மருத்துவர்களுக்கான பன்னாட்டுப் பயிற்சி மையமும் ஏற்பட்டன. கோடை விழாவையொட்டி உதகை அரசு கலைக் கல்லூரித் திடலில் நாய்க் கண்காட்சி நடைபெறுகிறது. சல்லிவனின் கல் பங்களா அமைந்திருப்பதும் இக்கல்லூரி வளாகத்தில்தான்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025ஆம் ஆண்டு கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என நாள்தோறும் அனுமதிக்கப்படும் வெளியூர் வண்டிகளுக்கு வரம்பு வைக்கப்பட்டது. இருந்தும் மலர்க்கண்காட்சி நாட்களில் மலைப்பாதையில் வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்பது வழக்கம். இப்பயணங்களில் பின்பற்றத்தக்கவை வருமாறு:

• குழுவில் ஒருவர் முறைவைத்து விலங்கோடு இருப்பது. நான்கு பேர் பூங்காவுக்குச் சென்றால் இரண்டு இரண்டு பேராகச் செல்லலாம்.
• விலங்கை ஏற்கும் விடுதியா என்பதை மலையேறும் முன்பே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்வது. அறையில் தனியே விட அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்பது.
• மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் முன் வயிறு நிறைய உணவு தராமல், நீர் மட்டும் தருவது. கொண்டையூசி வளைவுகளில் நாய்க்கும் குமட்டல் வரும்.
• கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் எழுதிய வில்லையும், கையில் தடுப்பூசிச் சான்றும் வைத்திருப்பது.
• கேரவனில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துவது. ஆளில்லாதபோது அடுப்பையும் எரிவாயுவையும் அடைப்பது.
• மாலைக்குப் பின் நாயை வெளியே கட்டாமலும், கயிறின்றி உலாவ விடாமலும் இருப்பது.

கடுமையாக இளைத்தல், எச்சில் ஒழுகுதல், ஈறு சிவத்தல், தள்ளாடுதல், வாந்தி ஆகியவை வெப்பத்தாக்கத்தின் அறிகுறிகள். உடனே நிழலுக்கு மாற்றி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, காற்றுப்படச் செய்ய வேண்டும். ஈரத் துணியால் மூடிவைத்தால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். உடலைக் குளிர்வித்த பிறகே மருத்துவமனைக்கு எடுத்துச்செல்வது நல்லது. பூட்டிய வண்டிக்குள் தவிக்கும் விலங்கைக் காண்பவர், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வாகன நிறுத்தக் காவலரிடம் சொல்லி உரிமையாளரை அழைக்கச் செய்யலாம். காவல்துறைக்கும் தகவல் தரலாம். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கான எண் 1962.

மதிப்பீடு

ஊர்தி மாறும் வேகத்துக்கு விதிகள் மாறவில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. மாட்டுவண்டி விலங்கைக் காக்கச் சட்டம் வந்தபோது மாட்டுவண்டிக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. கார்கள் பெருகியபோது நடைமுறையில் இருந்தது ரயில் காலத்து விதி. கேரவன் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வண்டி நிறுத்துமிடம், மின்னிணைப்பு, கழிவுநீர் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. நீலகிரியின் வாகன நிறுத்துமிடங்களில் நிழலும், குடிநீரும், சில மணி நேரம் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் கட்டணக் காப்பகமும் அமைந்தால், பழைய நாய்ப்பையன் செய்த வேலை உரிய ஊதியத்தோடு உள்ளூர் இளைஞர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அதுவரை, உதகையின் குளிர்ந்த காற்றை நம்பிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்வதன் விலையை உள்ளே இருக்கும் விலங்கே தர நேரும்.